பன்னிரண்டாம் பிரிவு

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் லண்டன் கிளினிக் வாசலில் நைட்ரஜன் லாரி நின்றது. வியாழக்கிழமை மட்டுமே வருகிற வண்டி அது. டோமாஸ் கோட்டுகூடப் போடாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற போலந்துக்காரன். கருக்களை நைட்ரஜனில் உறைய வைப்பதும் உருக்குவதும் அவன் வேலை.

"என்ன ஆச்சு?"

"சின்ன டேங்க் சூடாகிவிட்டது, ஜெபா" என்றான்.

வார இறுதியில் டேங்கில் எங்கோ கசிந்து நைட்ரஜன் முழுவதும் ஆவியாகிவிட்டது. அலாரம் அடித்திருக்கிறது, பூட்டிய அறைக்குள். அடித்தால் டோமாஸுக்கும் மேலாளர் ஹெலனுக்கும் ஃபோன் போக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்ததால், ஆள் வந்து சரிபார்க்கும் வரை ஃபோன் இணைப்பை நிறுத்தி வைக்கச் சொன்னாளாம் ஹெலன். ஆள் வரவேயில்லை.

அந்த டேங்கில் ஒன்பது குடும்பங்களுடைய கருக்கள் இருந்தன. எட்டுப் பேர் மறுபடி முயன்று பார்க்கலாம். மயூரதியால் முடியாது. புற்றுநோய்க்குக் கீமோ தொடங்க மூன்று வாரமே இருந்தபோது ஓடி வந்தவள். ஐந்து கருக்கள். கீமோவுக்குப் பிறகு அவளுக்கு முட்டையே இல்லை. போன மாதம்தான் புற்றுநோய் டாக்டர் "இனிப் பிள்ளை பெறலாம்" என்று சொன்னதாகப் பூந்தி லட்டு கொண்டுவந்தாள். ஏப்ரலில் கருவை வைப்பதாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளிடம் எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கியது நான்தான். எல்லாரிடமும் வாங்குவதுபோல.

மகள் ரினிஷா நாளை பள்ளிக்கு எரிமலை மாதிரி ஒன்று செய்து கொண்டுபோக வேண்டுமாம். வினிகர் வாங்க மறந்துவிட்டேன். அவள் அப்பா தேவநேசன் கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மயூரதிக்கு நானே ஃபோன் செய்ய வேண்டும் என்றாள் ஹெலன். "உங்கள் மொழியில் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்."

"மயூரதி, ஜெபசெல்வி பேசுறேன், கிளினிக்ல இருந்து. டேங்க்ல ஒரு பிரச்சினை ஆயிட்டு..."

"எத்தினை மிச்சம், மிஸி?"

நர்ஸை இலங்கைக்காரர்கள் மிஸி என்பார்கள். முதலில் விசித்திரமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒன்றும் மிச்சமில்லை.

"நான் வேலையில நிக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ, வெளியில போறன்" என்றாள். கதவு திறக்கும் சத்தம், பஸ் சத்தம். அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன். எப்போது துண்டித்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஹெலன் எனக்கு ஒருநாள் லீவு கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மயூரதியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கிளினிக் தன் தவறை மறுக்கப் போவதில்லை. அலாரம் இணைப்பு நிறுத்தப்பட்டிருந்ததை மறைக்க முடியாது. ஆனால் அவள் கையெழுத்திட்ட சேமிப்பு ஒப்பந்தத்தில் பன்னிரண்டாம் பிரிவு இருக்கிறது. அதன்படி கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிளினிக்கின் பொறுப்பு முடிந்தது. மற்ற எட்டுக் குடும்பங்களும் ஒரு இலவசச் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு மயூரதி என்ன செய்வாள்?

ஹெலன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "அவளிடம் கையெழுத்து வாங்கியது நீதானே? பன்னிரண்டாம் பிரிவைப் பற்றி நீ எதுவும் விளக்கவில்லையே?"

"வழக்கமாகச் சொல்வதுதான்."

"வழக்கமாக நாம் எதுவும் சொல்வதில்லை, ஜெபா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீ போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டாள்.

வீட்டில் குக்கர் வளையம் போய்விட்டது. பருப்பு வேகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டாம் பிரிவைப் படித்தேன்.

சேமிப்பிலுள்ள பொருளுக்கு எந்தக் காரணத்தால் இழப்பு நேர்ந்தாலும், அது நிறுவனத்தின் கவனக்குறைவாகவே இருந்தாலும், நிறுவனத்தின் பொறுப்பு அதுவரை கட்டப்பட்ட சேமிப்புக் கட்டணத்தைத் தாண்டாது. இதுதான் சாரம். மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தேன். கவனக்குறைவாகவே இருந்தாலும்.

நாலு வருஷமாக இந்தத் தாளை ஆட்களிடம் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நல்ல செய்தி. சீனியர் நர்ஸ் வேலை காலியாகிறது, எனக்குத் தரலாம் என்று நினைக்கிறேன் என்றாள் ஹெலன். மே மாதம் முடிகிற என் விசாவுக்கான தாள்களையும் முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்றாள். நாலு வருஷத்தில் அவளாக இதைப் பற்றிப் பேசுவது இதுதான் முதல் தடவை. ஹெலன் நல்லவள். ரினிஷாவுக்கு அம்மை போட்டபோதுகூட எத்தனை தடவை விசாரித்தாள்.

தேவநேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் பார்சல் கிடங்கில் வேலை செய்வதும், பிள்ளை இங்கே படிப்பதும், எல்லாம் என் விசாவின் நிழலில். "பாத்தியா, ஒனக்க அருமை அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். கோழி வாங்கி வந்து அவரே சமைத்தார். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

சவுத் ஹாரோ தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினால் மயூரதி. கூடவே அவள் கணவர் ரமணீதரன், கையில் அரிசிப் பையோடு. அவளுக்கு முடி நன்றாக வளர்ந்திருக்கிறது, காதுவரைக்கும்.

"மிஸி, ஒரு சொல்லுக் கேக்க வேணும்."

"மயூரதி, உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கேக்கிறன். அண்டைக்கு நான் அந்தப் பன்னிரண்டாம் பந்தியைத் தொட்டுக் காட்டி, இதில என்ன கிடக்கெண்டு கேட்டனான். நீங்கள் ஒண்டு சொன்னனீங்கள். கிளினிக்காரர் இப்ப எழுதியிருக்கினம், அப்பிடி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையாம், நான் பொய் சொல்லுறனாம். மிஸி, நான் கனவு கண்டனானோ?"

ரமணீதரன் அவள் தோளைத் தொட்டார். "வாரும், மயூ. ஆக்கள் பாக்கினம்."

"ஆக்கள் பாக்கட்டும். இவவின்ர முகத்தைப் பாருங்கோ. இவவுக்கு ஞாபகம் இருக்கு."

நான் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். முருங்கைக்காயும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. வீட்டில் கேட்டார்கள், கடை மூடியிருந்தது என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழுதிவிடுகிறேன். எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அன்று மூன்றாம் அறை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மயூரதி, தலையில் பருத்தித் துண்டு. கீமோ அதுவரை தொடங்கவில்லை, முடி கொட்டுவதற்கு முன் அவளே வெட்டிவிட்டாள். ரமணீதரன் கார் நிறுத்தும் மெஷினில் காசு போடக் கீழே போயிருந்தார். ஒரு டஜன் தாள்கள். சோதனைக்கான ஒப்புதல், மயக்கத்துக்கான ஒப்புதல், தான் இறந்துபோனால் கருக்களை என்ன செய்வது என்பதற்கான தாள். அந்தத் தாளில்கூட அவள் தயங்காமல் கையெழுத்திட்டாள். சேமிப்பு ஒப்பந்தத்தில்தான் நின்றாள். "இதில என்ன சொல்லுது, மிஸி?"

நான் சொன்னேன்: "அது தீ, வெள்ளம், கரண்டு போறது மாதிரி நம்ம கையில இல்லாத விஷயத்துக்கு. எங்க தப்புன்னா நாங்கதான் பொறுப்பு. பயப்படாம போடுங்க."

போட்டாள்.

நானாகக் கட்டிச் சொன்னதில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு காலைக் கூட்டத்தில் ஹெலன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. "ஆட்கள் அந்த இடத்தில் மிரளுவார்கள். தீ, வெள்ளத்துக்கு என்று சொல்லுங்கள், நம் தவறென்றால் நாம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள்." வாயால் சொன்னதுதான். எங்கும் எழுதவில்லை. அதன் பிறகு நூறு பேரிடமாவது நான் சொல்லியிருப்பேன். தவறு என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 18, செவ்வாய்

தேவநேசனிடம் சொல்லிவிட்டேன். ரினிஷா குளிக்கப் போயிருந்த நேரம்.

கேட்டுவிட்டு எழுந்து டிவியை அணைத்தார். பிறகு, "வக்கீல் என்ன கேப்பான்?" என்றார்.

"அவகிட்ட என்ன சொன்னேன்னு கேப்பாரு. அடுத்த வாரம் வர்றாரு."

"ஞாபகம் இல்லன்னு சொல்லு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பேஷண்ட்கிட்ட பேசினது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அது பொய்யும் இல்ல, கேட்டியா. மனுசனுக்கு மறக்கத்தான் செய்யும்."

"எனக்கு மறக்கல்லியே."

"ஒனக்கு மறக்கல்லன்னு ஒனக்கு மட்டுந்தானே தெரியும்?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நமக்க பிள்ளைக்க படிப்ப நெனச்சியா? மார்த்தாண்டத்துல வீட்டை வித்துட்டுல்லா வந்தோம். அங்க எங்க போவ? அந்தப் பொண்ணுக்கு நடந்தது பாவந்தான். நீ உண்மை சொன்னா அந்த அஞ்சும் திரும்ப வருமா?"

வராது. ரினிஷா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, ஏன் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மார்ச் 27, வியாழன்

கிளினிக்கின் வக்கீல் வந்தார். ஆஷ்வெல் என்று பெயர், அறுபது வயதிருக்கும். மரியாதையானவர். நான் உட்காரும் வரை அவர் உட்காரவில்லை. ஹெலன் ஜன்னலோரம் நின்றாள்.

என்னை ஏன் கேட்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். இந்த நாட்டில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். படிக்கவில்லை, புரியவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்து வாங்கியவர் அந்தப் பிரிவுக்கு இன்னதுதான் அர்த்தம் என்று தவறாகச் சொல்லியிருந்தால், சொன்ன எல்லைக்கு மேல் அது செல்லாது. அதோடு, வாடிக்கையாளரிடம் இப்படியொரு பிரிவு நியாயமானதுதானா என்றும் நீதிபதி பார்ப்பார். அதற்கும் அன்று எப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்டது என்பது முக்கியம். "அன்று அறையில் இருந்தது மயூரதியும் நீங்களும்தான்" என்றார். "நான் சொல்லித்தர மாட்டேன். நீங்கள் சொல்வதை மட்டும் எழுதுவேன். பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்டால் சிறைக்குப் போக நேரிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் பிரிவைப் பற்றி அவரிடம் ஏதாவது சொன்னீர்களா?"

ஹெலன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை டைப் செய்து கொண்டுவருவார், கையெழுத்திட வேண்டும்.

போகும்போது ஹெலன் என் கையை அழுத்தினாள். அவளுடைய கை ஜில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம்தான் போல.

மார்ச் 28, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துணி துவைத்தேன். மழை.

மார்ச் 31, திங்கள்

பாரிஸிலிருந்து குடிவந்த ஒரு ஈழத்துப் பெண். மார்பகத்தில் கட்டி. மூன்று வாரத்தில் கீமோ. பிரெஞ்சு நன்றாகத் தெரிகிறது, ஆங்கிலம் தட்டுத்தடுமாறி. அதே ஒப்பந்தம், அதே மூன்றாம் பக்கம். இப்போது ஹெலனின் புதிய உத்தரவு, யாரும் எதையும் விளக்கக் கூடாது, படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

"படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவள் தாளைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு இந்த இங்கிலீஷ் விளங்காது. நீங்கள் தமிழ் ஆள்தானே. பயப்பிட ஒண்டும் இல்லையெண்டு நீங்கள் சொன்னாக் காணும், மிஸி. நான் போடுறன்." பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

பேசாமல் இருந்தாலே போதும், அவள் போட்டுவிடுவாள் என்று தெரிந்தது.

"போடாதீங்க" என்றேன். "வீட்டுக்குக் கொண்டுபோங்க. இதுல, நாங்க கவனக்குறைவா இருந்து உங்க கரு போயிட்டாக்கூட, நீங்க கட்டினதை மட்டும் தருவோம்னு எழுதியிருக்கு. நல்லாப் படிக்கத் தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டிக் கேளுங்க. வேற இடத்துலயும் விசாரிங்க."

சிரிப்பு போய்விட்டது. பேனாவை மூடினாள். "அப்பிடியே எழுதிக் கிடக்கு?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை. அவளுக்கு அவசரம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆஷ்வெல் தாளை மேஜைமேல் வைத்தார். ஒரே பக்கம். என் பெயர், என் தகுதி, பதினான்கு வருஷ அனுபவம். பிறகு, "என்ன விளக்கம் தந்தேன் என்பது எனக்கு நினைவில்லை."

"இது உண்மையில்லை" என்றேன். "எனக்கு நினைவிருக்கிறது."

ஹெலன் "ஜெபா, நீ களைத்துப் போயிருக்கிறாய்" என்றாள்.

நான் ஹெலனைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்தே சொன்னேன், தீ, வெள்ளம், கரண்டு, எங்கள் தவறென்றால் நாங்கள் பொறுப்பு, பயப்படாமல் போடுங்கள். மயூரதியிடம் தமிழில் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில். யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் குடித்தேன்.

ஆஷ்வெல் பேனாவைக் கீழே வைத்தார். ஹெலனை வெளியே இருக்கச் சொன்னார். அவள் போனதும் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"நான் கிளினிக்கின் வக்கீல்" என்றார். "உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்கிறேன். ஒரு வழக்கில் சாட்சி எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லை. எங்களுக்கும் இல்லை." என் வாக்குமூலத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

"நான் அப்படிச் சொன்னதாக எங்காவது எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டாள் ஹெலன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நீ அவளிடம் உளறிவிட்டு என்மேல் போடுகிறாய். மே மாதத்தை மறந்துவிடாதே."

சீனியர் நர்ஸ் வேலையைப் பற்றி இனி ஒருவரும் பேச மாட்டார்கள். மண்டையில் அடித்ததுபோல் இப்போதுதான் உறைக்கிறது. அந்த வேலை அப்போதும் காலியாக இருந்ததில்லை.

தேவநேசனிடம் சொன்னேன். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்

மயூரதியின் வக்கீல் அலுவலகத்துக்கு நானாகவே ஃபோன் செய்து, போய்ச் சொன்னேன். நைஜீரியப் பெண்மணி, அடெயெமி என்று பெயர். நான் பேசப் பேச வேகமாக டைப் செய்தாள். இடையில் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தி, "இதனால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியும் படித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தேவநேசன் இன்னும் பேசவில்லை. தேவைக்கு ரினிஷா வழியாகப் பேசுகிறோம். "அம்மாவ உப்பு எடுக்கச் சொல்லு." அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

மே 8, வியாழன்

விசாவைக் கிளினிக் புதுப்பிக்கவில்லை. ஆட்குறைப்பு என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறொரு மருத்துவமனை எனக்கு விசா போட ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊர்.

மே 23, வெள்ளி

ஒன்பது இடத்தில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்திலும் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஒரு இடத்தில் நேர்காணல்வரை போனது. முந்தின இடத்தை ஏன் விட்டீர்கள் என்றார்கள். உள்ளதைச் சொன்னேன். முகங்கள் மாறின.

தேவநேசன் சோஃபாவை விற்றுவிட்டார். வாங்க வந்தவனோடு சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றினார். பிறகு வெறும் இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். ஐம்பது நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுக்கு இப்ப அழுக? சாப்பிட்டியான்னுதானே கேட்டேன்" என்றார்.

ஜூன் 19, வியாழன்

ஹல் நகரத்து அரசு மருத்துவமனையில் வயோதிகர் வார்டு. சம்பளம் குறைவு. விசா போடுகிறார்கள்! அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ரினிஷா வரைபடத்தில் தேடுகிறாள். அவளுடைய தோழிகளை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொன்னதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேவநேசன் வாசலில் உட்கார்ந்து, "மக்களே, கடல் உண்டு அங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த ஊரில் கடற்காற்று துணியை ஒரே மணி நேரத்தில் காயவைத்துவிடுகிறது. தேவநேசனுக்கு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. வந்ததும் குளித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருகிறார். விசாரணைக்கு அடுத்த வருஷம் மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

லண்டன். தேவநேசனும் கூட வந்தார். லீவு போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

காலையில் ஹெலன் சாட்சி சொன்னாள். அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தேன். கிளினிக்கின் தரப்பில் ஆஷ்வெல் பின்வரிசையில் இருந்தார். கேள்வி கேட்டது வேறொருவர், இளைஞர், மிகவும் இனிமையாகப் பேசினார்.

"உங்களை வேலையிலிருந்து அனுப்பிய நிறுவனம் இது. உங்களுக்குக் கோபம் இருக்காதா?"

"இருக்கிறது. ஆனால் நான் இதைச் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள்."

"முதலில் எங்கள் வக்கீலிடம் நினைவில்லை என்று சொன்னீர்கள். பிறகு நினைவு வந்தது. இடையில் நினைவு எங்கே போயிருந்தது?"

"எங்கேயும் போகவில்லை. பயந்து பொய் சொன்னேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இளைஞர் தாளைப் புரட்டினார்.

"பன்னிரண்டாம் பிரிவு தீக்கும் வெள்ளத்துக்கும் உரியது என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பிரிவில் அந்தச் சொற்களே இல்லை. அனுபவமுள்ள ஒரு நர்ஸ், கையில் தாளை வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொன்னார் என்று நீதிமன்றம் நம்ப வேண்டுமா? அன்று மயூரதிக்கு விளக்கியபோது, நீங்கள் அந்தப் பிரிவைப் படித்திருந்தீர்களா?"

யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. அடெயெமி கேட்கவில்லை. தேவநேசன் கேட்கவில்லை. இந்த நாட்குறிப்பில்கூட நான் எழுதவில்லை. மயூரதி நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

"இல்லை" என்றேன். "ஒருமுறைகூடப் படித்ததில்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

அந்த இளைஞர் தாளை மூடிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி அம்மாள் தலையைக் குனிந்து எதையோ எழுதினார்.

வெளியே ரமணீதரன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மயூரதி எங்களைக் கடந்து லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

ரயிலில் தேவநேசன் சாண்ட்விச்சைப் பிரித்து என்னிடம் பாதியைத் தந்தார். "நல்லாச் சொன்ன" என்றார். கொஞ்சம் கழித்து, "படிக்கவே இல்லியா?" என்றார். தலையாட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 27, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. அடெயெமி ஃபோனில் வாசித்துக் காட்டினாள். கிளினிக் தன் ஊழியர் மூலம் அந்தப் பிரிவின் அர்த்தத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அது ஒரு பக்கமிருக்க, நோயோடு போராடுகிற ஒரு பெண்ணுக்கு, திரும்பக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றின் இழப்பைக் கட்டணத்தோடு நிறுத்துவது நியாயமுமில்லை. கிளினிக் முழுப் பொறுப்பு.

ஹெலன் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. வாசிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். ரமணீதரனாக இருக்கும் என்று எடுத்தேன்.

"மிஸி, மயூரதி கதைக்கிறன்."

"சொல்லுங்க, மயூரதி."

"உங்களுக்கு நன்றி சொல்ல வேணுமெண்டு இவர் ரெண்டு நாளா நிக்கிறார். எனக்கு வாய் வருதில்லை. உங்களில எனக்குக் கோவம் போகேல்ல. படிக்காத தாளைப் படிச்சமாதிரிச் சொன்னனீங்கள்."

"ஆமா."

"அண்டைக்கு நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டன் எண்டு லோயருக்கும் சொன்னன், கோட்டிலயும் சொன்னன்." குரலைத் தாழ்த்தினாள். "அது சரியோ தெரியேல்ல, மிஸி. மூண்டு கிழமையில கீமோ. வேற இடம் தேட எங்க நேரம்? எல்லா இடமும் இப்பிடித்தான் எழுதி வைச்சிருப்பினம். போட்டுத்தான் இருப்பன். என்ன எழுதிக் கிடந்தாலும் போட்டுத்தான் இருப்பன். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இவருக்கும் சொல்லேல்ல."

"நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றேன்.

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"உங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லோ? லீவு நாளில ஒருக்காக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். என்ன பேர்?"

"ரினிஷா."

"நிக்கிறாவோ?"

"இருக்கா."

"குடுங்கோ. ஒருக்காக் கதைப்பம்."

கூப்பிட்டேன். ரினிஷா மாவுக் கையோடு வந்து ஃபோனை வாங்கி, "ஹலோ ஆன்ட்டி" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய், அவளுக்குப் புதுப் பள்ளியில் பிடிக்காத பையனைப் பற்றி, கடலைப் பற்றி, நாங்கள் சப்பாத்தி போடுவதைப் பற்றியெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். நான் கூடத்திலேயே நின்றுவிட்டேன். மாவு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போகவில்லை.